ஆவணக் காப்பகங்களின் நேரலை வகுப்புகளில் சேர்ந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

நண்பர்களே, ஓர் உதவி வேண்டும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் சிலருக்கு வார இறுதியில் வரலாறும் குடிமையியலும் சொல்லித் தருகிறேன். போன வாரம் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தின் டாக்ஸ்டீச் தளத்திலிருந்து, 1955 டிசம்பர் 1 அன்று வெள்ளையருக்குப் பேருந்து இருக்கையை விட்டுத்தர மறுத்த கறுப்பினப் பெண் ரோசா பார்க்ஸ் கைதானபோது போலீஸ் எழுதிய அறிக்கையையும், பேருந்தில் அவர் எங்கே உட்கார்ந்திருந்தார் என்று காட்டும் வரைபடத்தையும் திரையில் போட்டேன். அவ்வளவுதான், "எந்தச் சட்டப்படி கைது செய்தார்கள், அந்தச் சட்டத்தை யார் மாற்றினார்கள்" என்று பிள்ளைகள் கேள்வி மேல் கேள்வி! பாடப்புத்தகத்தை வைத்து இப்படி ஒரு வகுப்பு எனக்கு அமைந்ததே இல்லை.

இனி, காப்பகத்திலோ அருங்காட்சியகத்திலோ வேலை செய்பவர்களிடமே பிள்ளைகள் நேரடியாகக் கேட்கும்படியான இணைய நிகழ்ச்சி வேண்டும். பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகமும் பள்ளிகளுக்கு இணையவழிப் பயிலரங்குகள் நடத்துகிறது. ஆனால் நாங்கள் பள்ளி இல்லை, சின்னக் குழு. பள்ளி சாராத குழுக்களைச் சேர்த்துக்கொள்ளும் இடங்கள் தெரிந்தால் சொல்லுங்கள். அப்புறம், முன்கூட்டியே பிள்ளைகளை எப்படித் தயார் செய்தீர்கள், நேர வித்தியாசத்தை எப்படிச் சமாளித்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். பதிவு செய்த காணொளிகள் வேண்டாம், அவை நிறையப் பார்த்துவிட்டோம்.