பழைய டிராக்டர்: சூடானதும் ஆயில் பிரஷர் இறங்குகிறது, அடியில் தட்டும் சத்தம். பேரிங் மட்டும் மாற்றினால் போதுமா?

கேட்டவர்:
வணக்கம். அப்பா காலத்து மூன்று சிலிண்டர் டீசல் டிராக்டர், இப்போது நான்தான் ஓட்டுகிறேன். காலையில் ஸ்டார்ட் செய்தால் ஒரு குறையும் இல்லை. ஒரு மணி நேரம் உழவு ஓட்டி இன்ஜின் நன்றாகச் சூடானதும் ஐட்லிங்கில் ஆயில் லைட் மினுக் மினுக் என்று எரிகிறது, ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் ஏற்றினால் அணைந்துவிடுகிறது. இரண்டு வாரமாக அடியிலிருந்து டொக் டொக் என்று ஒரு சத்தமும் சேர்ந்துகொண்டது, அதுவும் ஆக்சிலரேட்டரை விடும் நேரத்தில்தான் அதிகம். கெட்டியான ஆயில் ஊற்றிப் பார்த்தேன், இரண்டு நாள் தாங்கியது. வண்டியைப் பிரிக்காமல் சேம்பரை (இன்ஜின் அடியில் உள்ள ஆயில் தொட்டி) மட்டும் இறக்கி பேரிங் மாற்றிவிடலாம் என்கிறார்கள். செய்யலாமா? ஸ்பேனர் வேலை ஓரளவு தெரியும், இன்ஜினுக்குள் கை வைத்ததில்லை.

பதில் 1:
முதலில் ஓட்டுவதை நிறுத்துங்கள். தட்டும் பேரிங்கோடு இன்னும் பத்து மணி நேரம் ஓட்டினால் கிராங்கும் (பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டு) ராடும் (பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கம்பி) சேர்ந்து போகும்.

லைட்டை மட்டும் நம்பிப் பிரிக்காதீர்கள், அந்த சுவிட்சே கெட்டிருக்கலாம். அதைக் கழற்றி அதே துளையில் ஒரு மெக்கானிக்கல் கேஜ் மாட்டி, இன்ஜின் சூடான பிறகு ஐட்லிங்கில் எவ்வளவு, முழு வேகத்தில் எவ்வளவு என்று பாருங்கள். அப்புறம் ஐட்லிங்கை விடச் சற்றே கூட்டி வைத்து, ஒவ்வொரு இன்ஜெக்டராக டீசல் பைப் நட்டை லேசாகத் தளர்த்துங்கள். எந்த சிலிண்டரைத் தளர்த்தும்போது சத்தம் குறைகிறதோ அங்கேதான் கனெக்டிங் ராட் பேரிங் போயிருக்கும். மூன்றில் எதற்கும் பெரிதாக மாறாமல், லோடில் மட்டும் கனமாக இடித்தால், கிராங்கை இன்ஜின் பாடியில் தாங்கும் மெயின் பேரிங்கைச் சந்தேகிக்கலாம். நட்டைத் தளர்த்தும்போது துணி சுற்றிக்கொள்ளுங்கள், கையை டீசல் பீய்ச்சும் பக்கம் கொண்டுபோகவே கூடாது, அந்த அழுத்தத்தில் டீசல் தோலுக்குள் புகுந்துவிடும்.

கேட்டவர்:
பார்த்தேன். சூட்டில் ஐட்லிங்கில் 7 பிஎஸ்ஐ, முழு வேகத்தில் 25. இரண்டாவது சிலிண்டரைத் தளர்த்தினால் சத்தம் பாதிக்கு மேல் குறைகிறது. இன்னொன்று, இதற்குச் சம்பந்தம் உண்டா தெரியவில்லை: ஆயில் குறைவதே இல்லை. போன மாதம் மேல் கோட்டில் இருந்தது, இப்போது அதையும் தாண்டி நிற்கிறது.

பதில் 2:
தம்பி, கடைசியில் சொன்னீர்களே, அதுதான் முக்கியம். ஆயில் தானாக ஏறாது. டிப்ஸ்டிக்கை மோந்து பாருங்கள், டீசல் வாடை வரும். டீசல் கலந்து ஆயில் தண்ணீர் மாதிரி ஆனதால்தான் பேரிங் தேய்ந்திருக்கிறது. இன்ஜின் பக்கவாட்டில், டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்ப் இருந்தால் அதன் டயாஃப்ரம் (உள்ளே இருக்கும் சவ்வு) கிழிந்திருக்கலாம். டேங்க் மேலே இருப்பதால் வண்டி நின்றாலும் டீசல் சேம்பருக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். ஒரு ராத்திரி டேங்க் டேப்பை மூடி வையுங்கள், ஒரு ராத்திரி திறந்து வையுங்கள், காலையில் ஆயில் மட்டம் சொல்லிவிடும். சொட்டும் இன்ஜெக்டர், இன்ஜெக்டர்களுக்கு டீசல் அனுப்பும் பெரிய பம்ப்பின் ஷாஃப்ட் சீல் இரண்டும் அடுத்த சந்தேகம். இதைச் சரி செய்யாமல் புது பேரிங் போட்டால் அதுவும் இதே கதிதான். மட்டம் இன்னும் ஏறினால் இன்ஜின் அந்தக் கலவையையே உறிஞ்சி நிறுத்த முடியாமல் ஓடும் அபாயமும் உண்டு.

பதில் 3:
கிராங்க் எல்லாம் பார்க்க வேண்டாம். ராட் கேப்பை (ராடின் கீழ்ப்பாதி மூடி) கொஞ்சம் அரத்தால் ராவி விடுங்கள், இல்லையென்றால் பேரிங் முதுகில் மெல்லிய தகடு வைத்து இறுக்குங்கள். அந்தக் காலத்தில் அப்படித்தான் ஓட்டினோம்.

பதில் 2:
ஐயா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன், ஆனால் இந்த வகை பேரிங்குக்கு அது ஆகாது. ஷெல்லின் (பேரிங்கின் அரைவட்டத் துண்டு) முதுகு கேப்போடும் ராடோடும் முழுதும் ஒட்டினால்தான் சூடு வெளியேறும். தகடு வைத்தால் ஒட்டாது. கேப்பை ராவினால் துளை வட்டம் கெட்டுப்போகும், பிறகு எந்தப் புது பேரிங்கும் சரியாக உட்காராது.

தம்பி, சேம்பரை இறக்குங்கள். பல டிராக்டர்களில் அது வார்ப்பிரும்பு, இருவர் சேர்ந்தாலும் கனக்கும், சிலவற்றில் வண்டியின் பாரத்தையே அது தாங்கும், அதனால் முன்பக்கத்தை ஸ்டாண்டில் நிறுத்திக் கட்டை அடுக்கிய பிறகுதான் போல்ட்டைத் தொட வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள். ஒரு நேரத்தில் ஒரு கேப் மட்டும். கேப்பிலும் ராடிலும் எண் குத்தியிருக்கும், எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள், மாற்றிப் போடவே கூடாது. மெயினில் மேல் ஷெல்லை எடுக்க, ஜர்னலின் (பேரிங்குக்குள் சுழலும் கிராங்கின் பகுதி) ஆயில் துளையில் தட்டைத் தலையுள்ள சின்ன பின்னைச் செருகி கிராங்கைக் கையால் மெதுவாகச் சுற்றினால் உருண்டு வரும், ஷெல் ஓரத்தில் நாக்கு போல் நீட்டிய பக்கம் முதலில் வெளியே வரும்படி சுற்றுங்கள். ஷெல் முதுகில் என்ன எழுதியிருக்கிறது, ஜர்னல் மைக்ரோமீட்டரில் எவ்வளவு காட்டுகிறது, இரண்டையும் எழுதுங்கள். அதற்கு முன் ஒரு பேரிங்கும் வாங்காதீர்கள்.

கேட்டவர்:
இறக்கியாச்சு. டேப்பைத் திறந்து வைத்த ராத்திரி மட்டம் ஏறியது, மூடிய ராத்திரி ஏறவில்லை. பம்ப்பைக் கழற்றினால் டயாஃப்ரத்தில் ஒரு கீறல்.

ஷெல் முதுகில் 020 என்று இருக்கிறது. 1, 3 ராட் ஷெல்கள் சாம்பல் நிறம், நடுவில் லேசாகச் செம்பு தெரிகிறது. 2 முழுக்கச் செம்பு, நீளக் கோடுகள் விழுந்து ஓரத்தில் உரிந்திருக்கிறது. 1, 3 ஜர்னல் எந்தப் பக்கம் அளந்தாலும் ஒரே அளவு. 2 மட்டும் ஒரு பக்கத்துக்கும் அதற்குக் குறுக்கே 90 டிகிரிக்கும் 0.10 மிமீ வித்தியாசம், நகத்தில் தட்டும் கோடுகளும் உண்டு. 020 புது செட் போட்டு ஓட்டிவிடலாமா?

பதில் 1:
மனது கஷ்டமாகத்தான் இருக்கும், ஆனால் கூடாது. அந்த ஜர்னல் முட்டை வடிவம் ஆகிவிட்டது. அதன் மேல் வட்டமான பேரிங் போட்டால் ஒரு பக்கம் ஆயில் படலம் அறுந்து ஒரு சீசன்கூடத் தாங்காது. 020 என்றால் கிராங்க் ஏற்கெனவே 0.020 அங்குலம் தேய்த்தது, அடுத்தது 0.030. ராட் ஜர்னல் மூன்றையும் ஒரே சைஸுக்குக் கிரைண்டிங் செய்யச் சொல்லுங்கள், மெயினையும் அளந்து முடிவு செய்யுங்கள். ஜர்னல் ஓரத்து வளைவை அப்படியே காப்பாற்றச் சொல்லுங்கள், அது கூரானால் அங்கேதான் கிராங்க் விரிசல் விடும். டைமிங் கியர்களில் கழற்றும் முன்பே குறி வைத்துவிடுங்கள்.

பதில் 2:
கிராங்க் திரும்பி வந்ததும் ஆயில் துளை ஒவ்வொன்றிலும் பிரஷ் விட்டுக் கழுவுங்கள், கிரைண்டிங் தூள் அங்கே ஒளிந்திருக்கும். ஷெல் முதுகு சுத்தமாக, உலர்ந்து இருக்க வேண்டும், ஆயில் உள்முகத்தில் மட்டும். பிளாஸ்டிகேஜ் (நசுங்கும் அகலத்தைக் கொண்டு இடைவெளியை அளக்கும் மெல்லிய இழை) வைத்து இடைவெளி பாருங்கள், இழை உள்ளே இருக்கும்போது கிராங்கைச் சுற்றாதீர்கள். ஒவ்வொரு கேப் இறுக்கியதும் கையால் சுற்றிப் பாருங்கள், இறுகினால் அங்கேயே நிறுத்திக் காரணம் தேடுங்கள். ஆயில் பம்ப்பையும் திறந்து பாருங்கள், 7 பிஎஸ்ஐக்கு அதுவும் பங்கு கொடுத்திருக்கலாம். கடைசியில் டீசலை நிறுத்தும் ஸ்டாப்பை இழுத்துப் பிடித்தபடி ஸ்டார்ட்டரை விட்டு விட்டுச் சுற்றுங்கள், கேஜ் முள் எழுந்த பிறகே டீசல் கொடுங்கள்.

கேட்டவர்:
தாமதத்துக்கு மன்னிக்கவும், மூன்று வாரம் ஆகிவிட்டது. 030 பேரிங், கிராங்கின் பின்பக்கத்துக்குப் புது சீல், புது டயாஃப்ரம் எல்லாம் போட்டாச்சு. ஆயில் பம்ப் கியரும் தேய்ந்திருந்தது, மாற்றினேன். முதல் ஸ்டார்ட்டுக்கு முன் கேஜ் எழும்பும் வரை என் கை நடுங்கியது உண்மை. சூட்டில் இப்போது ஐட்லிங்கில் 22, முழு வேகத்தில் 50, தட்டும் சத்தம் இல்லை. லேசான லோடில் 10 மணி நேரம் ஓட்டி ஆயிலும் ஃபில்டரும் மாற்றிவிட்டேன். தினமும் காலையில் டிப்ஸ்டிக்கைத்தான் முதலில் எடுக்கிறேன், நான்கு நாளாக அதே கோட்டில் நிற்கிறது.