கூகுள் சைட்ஸ் போர்ட்ஃபோலியோவில் வீடியோ மற்றவர்களுக்குத் திறக்கவில்லை, உதவுங்கள்

கணக்கு டீச்சர்:
வணக்கம். சி.பி.எஸ்.இ. பள்ளியில் ஆறாம், ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். ஆண்டுக்கு 50 மணி நேரப் பயிற்சி முடிக்க வேண்டும் இல்லையா, அதற்காகக் கூகுள் சைட்ஸில் ஒரு டிஜிட்டல் போர்ட்ஃபோலியோ செய்திருக்கிறேன். தீக்ஷா (ஆசிரியர் பயிற்சிக்கான அரசு இணையதளம்) சான்றிதழ்கள், பாடக்குறிப்பு, பின்னம் நடத்திய வகுப்பின் வீடியோ எல்லாம் உள்ளன. எனக்கு நன்றாகத் திறக்கிறது. வேறு பள்ளித் தோழிக்கு லிங்க் அனுப்பினால் பக்கம் வருகிறது, வீடியோ மட்டும் அனுமதி கேட்கிறது. சைட்டைப் பப்ளிஷ் செய்தாயிற்று. வீடியோவின் ஷேர் பகுதியில் பள்ளியின் பெயர்தான் வருகிறது, 'லிங்க் உள்ள எவரும்' என்பதே இல்லை.

மலைக்கோட்டை:
பள்ளி கொடுத்த மெயிலில் செய்திருக்கிறீர்கள் போல. சைட்டுக்கு ஒரு அனுமதி, உள்ளே வைத்த டிரைவ் ஃபைலுக்குத் தனி அனுமதி. வெளியாருக்குப் பகிர்வதை உங்கள் பள்ளி அட்மின் பூட்டி வைத்திருப்பார். அவரிடம் கேட்கலாம். ஆனால் என்னைக் கேட்டால், சொந்த ஜிமெயிலில் சைட்டைப் புதிதாகவே போட்டுவிடுங்கள். நாளைக்கு வேலை மாறினால் பள்ளிக் கணக்கை மூடிவிடுவார்கள், சேர்த்ததெல்லாம் அதோடு போய்விடும். டிரைவ் ஃபைல்களைச் சொந்தக் கணக்குக்கு நகலெடுக்கப் பள்ளிக் கணக்குகளுக்குக் கூகுளின் டேக்அவுட் பக்கத்தில் வசதி உண்டு, அட்மின் அணைத்து வைக்காதவரை.

தமிழ் மிஸ்:
சார், கொஞ்சம் பொறுங்கள். டீச்சர், வீடியோவில் பிள்ளைகள் முகம் தெரிகிறதா?

கணக்கு டீச்சர்:
முன்வரிசை முழுக்கத் தெரிகிறது மேடம்.

தமிழ் மிஸ்:
அப்படியானால் அதை வெளியே கொண்டுவர வேண்டாம். பெற்றோரும் பள்ளியும் ஒப்புக்கொள்ளாமல் பிள்ளைகளின் வீடியோவை நம் சொந்தக் கணக்கில் வைப்பது சரியில்லை. அதுவுமில்லாமல், 40 நிமிட வீடியோவை யார் உட்கார்ந்து பார்க்கப் போகிறார்கள்? பின்னம்தானே, 1/2 + 1/3 = 2/5 என்று தவறாக எழுதிய நோட்டுப் பக்கம் ஒன்று கிடைக்காமலா போகும்? பெயரை மறைத்துப் படமெடுத்துப் போடுங்கள். அடுத்த வகுப்பில் எதை மாற்றி நடத்தினீர்கள் என்று நாலு வரி. அப்புறம் அதே பிள்ளை பின்னால் போட்ட கணக்கு. பயிற்சிக்குப் போய்வந்ததைச் சான்றிதழ் சொல்லிவிடும். வகுப்பில் என்ன மாறியது என்பதை இந்த இரண்டு பக்கங்கள்தான் சொல்லும்.

கணக்கு டீச்சர்:
2/5 நோட்டுகளுக்குப் பஞ்சமே இல்லை மேடம்! பழைய சைட்டை அழித்துவிடவா?

மலைக்கோட்டை:
இப்போதே வேண்டாம். புதியதைப் பப்ளிஷ் செய்து, பிரவுசரின் இன்காக்னிட்டோ (தனிப்பட்ட) சன்னலில் திறந்து ஒவ்வொரு ஃபைலாகப் பாருங்கள். கணக்கில் நுழையாமலே எல்லாம் தெரிந்தால் தோழிக்கும் தெரியும். அப்புறம் அழிக்கலாம்.