எழுத வாசிக்கக் கஷ்டமா? ஃபூட் ஹாண்ட்லர் பரீட்சையை விட்டுவிடாதீர்கள்

ரொறன்ரோவுக்கு வந்து சாப்பாட்டுக் கடைக் குசினியில் வேலை தேடுகிறவர்களிடம் அநேகமாகக் கேட்பது, "ஃபூட் ஹாண்ட்லர் சேர்ட்டிபிக்கற் இருக்கா?" என்றுதான். சாப்பாட்டைப் பாதுகாப்பாகக் கையாளத் தெரியும் என்று பரீட்சை வைத்துத் தருகிற சான்றிதழ் அது. இடப்பெயர்வுகளால் பள்ளிக்கூடம் பாதியில் நின்றுபோனவர்கள் இதைக் கேட்டதும் பயந்துவிடுகிறார்கள். நல்ல கைப்பக்குவம் இருந்தும் கோப்பை கழுவுகிற வேலையோடு நின்றுவிடுகிறார்கள். அவர்களுக்காகவும், வீட்டில் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கக்கூடிய பிள்ளைகளுக்காகவும் இதை எழுதுகிறேன்.

ஒன்ராறியோவில் 2018 யூலை 1 முதல், கடை நடக்கிற நேரம் முழுக்கப் பயிற்சி முடித்த ஒருவராவது அங்கே நிற்கவேண்டும் என்பது சட்டம். எல்லாருக்கும் கட்டாயமில்லை. ஆனால் முதலாளி வெளியே போகும்போது கடையை யாரை நம்பி விடுவார் என்று யோசித்துப் பாருங்கள். பரீட்சையில் தந்திருக்கிற விடைகளில் சரியானதைத் தெரிவு செய்யவேண்டும். 70 வீதம் எடுத்தால் பாஸ். சேர்ட்டிபிக்கற் ஐந்து வருடம் செல்லும்.

எழுத்து வராதவர்களுக்கும் எண் தெரியும். கடையில் காசு எண்ணுகிறோம், பஸ் நம்பர் பார்க்கிறோம். இந்தப் பாடத்தில் முக்கியமானது பலதும் எண்தான். 4 பாகை செல்சியசுக்கும் 60 பாகைக்கும் இடையில் கிருமி பெருகும். குளிர்ச்சாப்பாடு 4க்குக் கீழே, சூடாக வைத்திருப்பது 60க்கு மேலே. சமைக்கும்போது உள்சூடு கோழித் துண்டுக்கு 74, முழுக்கோழிக்கு 82 வரவேண்டும். மிஞ்சினதைத் திரும்பச் சூடாக்கினால் 74, அதுவும் இரண்டு மணித்தியாலத்துக்குள். ஒரு தெர்மாமீற்றர் வாங்கிக் கொடுத்து, வீட்டில் கறி வைக்கும்போதெல்லாம் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். ஐஸ் தண்ணியில் வைத்தால் 0 காட்டவேண்டும், காட்டாவிட்டால் கருவி பிழை. கையால் செய்து பழகினது பரீட்சை மண்டபத்தில் மறக்காது.

எங்கட ஆக்கள் கூடக் கவனிக்கவேண்டியது ஆறவைக்கிற விஷயம். பெரிய சட்டியில் சோறோ கறியோ சமைத்து, இரவு முழுக்க அடுப்பிலேயே மூடிவைக்கிற பழக்கம் எங்களிடம் உண்டு. சோற்றில் பசிலஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்து அவித்தாலும் சாகாது. சோறு வெதுவெதுப்பாகக் கிடந்தால் அது முளைத்து நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. அதனால்தான் 60இலிருந்து 20க்கு இரண்டு மணித்தியாலத்துக்குள், பிறகு 20இலிருந்து 4க்கு நாலு மணித்தியாலத்துக்குள் இறக்கச் சொல்கிறார்கள். ஆழமில்லாத தட்டங்களில் பரப்புங்கள், அல்லது சட்டியை ஐஸ் தண்ணிக்குள் வைத்துக் கிண்டுங்கள். காரணம் விளங்கினவருக்கு எண் தானாக நினைவில் நிற்கும்.

கோப்பை கழுவுகிறவருக்கு ஏற்கெனவே பாதி தெரியும். கழுவி, அலசி, பிறகு கிருமிநீக்கத் தண்ணியில் 45 செக்கன். அந்தத் தண்ணியில் குளோரின் 100 பிபிஎம் (பத்து இலட்சம் பங்கில் 100 பங்கு) இருக்கா என்று பார்க்கிற தாளில் நிறத்தை ஒப்பிட்டால் போதும், வாசிக்கத் தேவையில்லை. ஃபிரிட்ஜில் பச்சை இறைச்சி எப்பவும் கீழ்த்தட்டில்.

படிப்பிக்கும்போது புத்தகத்தைத் திறந்து வைத்து வற்புறுத்தாதீர்கள். கேள்வியையும் விடைகளையும் தமிழில் வட்ஸ்அப் குரல்பதிவாகப் பதிந்து கொடுங்கள், வேலைக்குப் போகும் வழியில் கேட்கட்டும். "எது சரியில்லை?" என்று முடிகிற கேள்விகளைத் தனியாகப் பழக்குங்கள். பாடம் நன்றாகத் தெரிந்தவரும் தடுமாறுவது அங்கேதான்.

வகுப்புக்கோ பரீட்சைக்கோ காசு கட்டமுதல் ரொறன்ரோ மாநகரசபையின் 311 தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்து, தமிழ் உரைபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லுங்கள். ரொறன்ரோ பொதுச் சுகாதாரப் பிரிவிடம் மூன்று விஷயம் கேட்கவேண்டும்: பரீட்சை தமிழில் உண்டா, கேள்வியை வாசித்துச் சொல்ல ஒழுங்கு செய்வார்களா, நீங்கள் பார்த்துவைத்திருக்கிற ஒன்லைன் வகுப்பின் சேர்ட்டிபிக்கற் இங்கே செல்லுமா. வாசிக்கக் கஷ்டம் என்பதைப் பரீட்சை நாள் வரை மறைத்து வைக்காமல் பதியும்போதே சொல்லிவிடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வேறு நகரத்தில் இருந்தால் அந்த இடத்துச் சுகாதாரப் பிரிவிடம் இதே மூன்றையும் கேளுங்கள்.