மறுமொழி: ‘இரும்புச் சுமை’ சரிவருமா?

அம்மா, வணக்கம். அடிக்கடி ரத்தம் ஏற்றுவதால் இதயத்தில் இரும்பு சேர்ந்து வரும் நோய்க்கு (iron overload cardiomyopathy) பாடநூலிலும் தாய்மாருக்கான கையேட்டிலும் என்ன பெயர் வைப்பது என்ற நம் பேச்சில் நீங்கள் கேட்டது:

> கையேட்டில் ‘இரும்புச் சுமை இதயநோய்’ என்றே போட்டுவிடலாமா? எளிமையாக இருக்கிறது.

எளிமைதான். ஆனால் முன்சுமை (preload, சுருங்குமுன் இதயத்தை நிரப்பி இழுக்கும் ரத்தம்), பின்சுமை (afterload, ரத்தத்தை வெளியே தள்ளும்போது எதிர்க்கும் அழுத்தம்) என்று இரண்டு சுமைகளை ஏற்கெனவே இதயத்தின் தலையில் ஏற்றிவிட்டோம். மூன்றாவதையும் மாணவர்கள் அந்தக் கணக்கிலேயே சேர்த்துவிடுவார்கள்.

‘இரும்புப் படிவு’ம் உறுத்துகிறது. இரும்பைச் சேமிக்கும் புரதமான ஃபெரிட்டினுக்குள் படிந்த இரும்பு ஓரளவு அடங்கித்தான் கிடக்கிறது. கெடுப்பது எதிலும் ஒட்டாமல் திரியும் இரும்பு. ஒரு யூனிட் ரத்தத்தோடு 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு உள்ளே வருகிறது. உடல் நாளொன்றுக்கு இழப்பதோ 1, 2 மில்லிகிராம்தான். மிச்சத்தை வெளியே தள்ள அதற்கு வழி கிடையாது. மாதம் ஓரிரு முறை ரத்தம் ஏற்றிக்கொள்ளும் தலசீமியா (பரம்பரை ரத்தசோகை) பிள்ளைகளுக்கு, ரத்தத்தில் இரும்பைச் சுமந்து செல்லும் புரதமான டிரான்ஸ்ஃபெரின் தாங்கும் அளவு நிரம்பியதும் மீதி, கால்சியம் போகும் வாசல் வழியாகவே இதயத்தசைக்குள் புகுந்துவிடும். அங்கே ஹைட்ரஜன் பெராக்சைடோடு வினைபுரிந்து ஹைட்ராக்சில் ராடிக்கல்கள் என்னும், எதையும் தாக்கும் மூலக்கூறுகளை உண்டாக்கும். அவை செல்சவ்வையும் மைட்டோகாண்ட்ரியாவையும் சிதைக்கும். பெரும்பாலும் முதலில் இதயம் தளர்ந்து விரிவது கெடும், அப்புறம் துடிப்பு தாறுமாறாகும், கடைசியில் செயலிழப்பு.

ஆகவே நோய்க்கு ‘இரும்புமிகை இதயத்தசைநோய்’ என்கிறேன். திரியும் இரும்புக்கு ‘கட்டிலா இரும்பு’ என்று எழுதிப் பார்த்தேன். “கட்டில் செய்ய வாங்கினதா?” என்று கேட்டுவிட்டார் என் வீட்டம்மா. ‘கட்டற்ற’ என்றால் நம்மவர்களுக்கு மென்பொருள்தான் நினைவுக்கு வரும். ‘பிடிபடா இரும்பு’ எப்படி? அதைப் பிடிக்கிற மருந்தின் வேலையைக் கொடுக்கிணைப்பு (chelation) என்கிறோம். அந்த ஆங்கிலச் சொல்லின் கிரேக்க மூலமும் நண்டுக் கொடுக்குதான். முதுநகர் துறைமுகத்தில் நண்டு வாங்கியவருக்கு விளக்கமே வேண்டாம்.

கடலூரிலிருந்து

——

ஐயா,

சுமையைக் கைவிடுகிறேன். ஆனால் புதுச்சேரியில் நான் பேசும் தாய்மார்களுக்கு இரும்பு என்றால் முருங்கைக்கீரை, சத்து. ‘இரும்புமிகை’ என்றதும் ஒருவர், “அப்போ புள்ள நல்லா தேறிடுச்சா?” என்றார். அதனால் பாடநூலுக்கு உங்கள் சொல். கையேட்டில் ‘ரத்தத்தோடு வந்து தேங்கும் இரும்பு’ என்று விரித்தே எழுதப்போகிறேன்.

‘பிடிபடா’ மட்டும் வேண்டாம். ‘புரியாத’ என்றும் பொருள்படும். தேடி அலைவானேன்? உங்கள் மடலிலேயே இரண்டு இடத்தில் ‘திரியும் இரும்பு’ என்று எழுதியிருக்கிறீர்களே.