டெல்லி கணேஷ் படங்கள் எதுலேருந்து ஆரம்பிக்கலாம்?

சாத்தூர்_பையன்:
அம்மா கஸ்தூரி சீரியல் பாக்கும்போது பக்கத்துல உக்காந்து பாத்தது, அதனால டெல்லி கணேஷ்னா எனக்கு சீரியல்ல வர்ற பெரியவர் அவ்ளோதான். நேத்து டிவில மைக்கேல் மதன காமராஜன் போட்டாங்க, பாலக்காட்டு மணி ஐயரா வந்து அந்த மனுஷன் பேசுறத கேட்டு சிரிச்சு சிரிச்சு வயிறே வலிச்சிருச்சு. 400 படத்துக்கு மேல பண்ணிருக்காராமே, எத முதல்ல பாக்கலாம்? ஐயர் வேஷம் இல்லாம வேற பண்ணிருக்காரா?

கடையநல்லூர்_காத்து:
தம்பி முதல்ல பசி பாருங்க. 1979ல வந்தது, துரை டைரக்‌ஷன். ஷோபாவுக்கு அப்பா, ரிக்‌ஷா ஓட்டுற முனியாண்டி. வல்லநாட்டுல பொறந்த மனுஷன் மெட்ராஸ் குடிசைக்காரரா அப்படியே மாறிருப்பார், தமிழ்நாடு அரசு சிறப்புப் பரிசு குடுத்துச்சு அதுக்கு. இத பாத்தவங்க யாரும் ஐயர் வேஷம் மட்டும்தான்னு சொல்ல மாட்டாங்க.
1964லேருந்து பத்து வருஷம் ஏர்ஃபோர்ஸ்ல இருந்தவர். டெல்லில வேலை பாத்துக்கிட்டே நாடகம் போட்டார், பேர்ல டெல்லி வந்தது அதனாலதான், பாலச்சந்தர் பட்டின பிரவேசத்துல அறிமுகப்படுத்தும்போது வச்ச பேரு. எங்க சித்தப்பாவும் ஏர்ஃபோர்ஸ்தான், 2024 நவம்பர்ல டெல்லி கணேஷ் தவறினப்போ ஏர்ஃபோர்ஸ்காரங்க வந்து மரியாதை செஞ்சத டிவில பாத்துட்டு எந்திரிச்சு நின்னுட்டார், கண்ணு கலங்கிருச்சு.

மத்தளம்77:
சிந்து பைரவிய விட்டுடாதீங்க ப்ளீஸ். மிருதங்கம் குருமூர்த்தி. கச்சேரிக்கு குடிச்சிட்டு வந்துட்டார்னு சிவகுமார் வாசிக்க விடாம அனுப்பிடுவார், அந்த இடத்துல அவரு மூஞ்சிய மட்டும் பாருங்க. தப்பு பண்ணிட்டோம்னு தெரியுது, ஆனா இத்தனை பேர் முன்னாடி இப்படி ஆயிருச்சேன்னு ஒரு அவமானம், ரெண்டும் ஒண்ணா ஓடும். அப்புறம் சிவகுமாரே குடில விழும்போது நமக்கு இந்த ஆள் மூஞ்சிதான் ஞாபகம் வரும். நான் சின்ன வயசுல மிருதங்கம் கத்துக்கிட்டவன், கச்சேரில பக்கவாத்தியக்காரங்க பாடகர் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருப்பாங்க, இவரோட நடிப்பே எனக்கு அப்படித்தான் தோணும், எதிர்ல இருக்கவர் பேசுறத நெஜமாவே காதுகுடுத்து கேக்குறார். நாயகன்ல கமல் பக்கத்துல ஐயரா நிக்கிற சீன்லாம் அதே கதைதான், வசனமே இல்லாத ஷாட்லயும் ஆள் சும்மா இருக்க மாட்டார்.

ராத்திரி_ஷிப்ட்:
யாரும் வில்லன சொல்லலயே. அபூர்வ சகோதரர்கள்ல பிரான்சிஸ் அன்பரசு. அப்பா கமல கொன்ன நாலு பேர்ல ஒருத்தர். அடுத்த வருஷமே அதே ஆள் மணி ஐயர்! ரெண்டையும் ஒரே நாள் பாருங்க, மலைப்பா இருக்கும்.
இன்னொண்ணு, 47 நாட்கள்ல சிரஞ்சீவிக்கு தமிழ்ல குரல் குடுத்தது இவர்தான். மூஞ்சி தெரியாம குரல மட்டும் வச்சே அந்த மோசமான புருஷன் மேல நமக்கு கோவம் வர வச்சார். கண்ண மூடிக்கிட்டு கொஞ்ச நேரம் கேட்டு பாருங்க, கண்டுபிடிக்கிறது கஷ்டம்.

சாத்தூர்_பையன்:
அண்ணே எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அம்மாகிட்ட பசின்னு சொன்னதும் "ஷோபா படமாடா"ன்னு அடுப்ப அணைச்சிட்டு வந்து உக்காந்துட்டாங்க, பாதி பாத்திருக்கோம். அந்த முனியாண்டியும் மணி ஐயரும் ஒரே ஆளுன்னு இன்னும் என்னால நம்ப முடியல. மீதிய பாத்துட்டு நாளைக்கு சிந்து பைரவி.