ஸ்லீவ் சர்ஜரி முடிந்து 19ஆம் நாள், 7 மணி நேரக் கார் பயணம்: எதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்?

கேட்டவர்: பயணப்பை

எடை குறைக்க இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுக்கும் ஸ்லீவ் சர்ஜரி முடிந்து 19ஆம் நாள் காரில் கிளம்ப வேண்டும். போய்ச் சேர 7 மணி நேரம். விடுமுறைக்குச் சொந்தக்காரர்கள் இருபது பேர் ஒரே வீட்டில் 4 நாள் இருப்போம். லேப்ராஸ்கோப்பிதான், சின்னத் துளை வழியே செய்தது. காய்ச்சல் இல்லை, தையல் போட்ட இடம் காய்ந்துவிட்டது. திரவ உணவு முடிந்து அரைத்த உணவுக்கு வந்தாகிவிட்டது. சர்ஜன் “போகலாம், பார்த்துப் போங்க” என்றார். எதைப் பார்க்க வேண்டும் என்று நானும் கேட்கவில்லை.

என் திட்டம் இது: வழியில் கழிப்பறை தேடி அலையாமல் இருக்க அன்றைக்குத் தண்ணீரைக் குறைப்பது. புரோட்டீன் ஷேக்கை நான்கு பாட்டிலில் கலக்கி எடுத்துப்போவது. அங்கே எல்லாவற்றிலும் ஒரு வாய் மட்டும் எடுத்துக்கொள்வது. சர்க்கரைக்கும் பிபிக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன். ஆபரேஷன் விஷயம் அங்கே யாருக்கும் தெரியாது. சாப்பாட்டை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது, மற்றதெல்லாம் சமாளித்துவிடலாம் என்று நினைக்கிறேன்.

பதில்: அளவுக்கரண்டி

பயப்பட வேண்டியது சாப்பாட்டுக்கு இல்லை, அந்த 7 மணி நேரத்துக்குத்தான். தண்ணீரைக் குறைக்கும் யோசனையை இப்போதே கைவிடுங்கள்.

முன்பெல்லாம் பகலில் குடிக்காவிட்டால் இரவில் ஒரு சொம்பு குடித்து ஈடுகட்டலாம். இப்போது முடியாது. இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிட்டார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு நாளைக்குக் குறைந்தது ஒன்றரை லிட்டர், ஒரு முறைக்கு 30 மில்லி என்றால் 50 முறை. விழித்திருக்கும் 14 மணி நேரத்தில் ஏறக்குறைய 17 நிமிடத்துக்கு ஒரு முறை. காரில் இருக்கும் நேரத்தில் மட்டும் 750 மில்லி போக வேண்டும். இருமல் மருந்து பாட்டிலோடு வரும் அளவு மூடி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, போனில் 15 நிமிட அலாரம் வையுங்கள். மடக் மடக்கென்று குடித்தால் மார்புக்கு நடுவே இறுக்கிப் பிடிக்கும். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனாலோ, எழுந்து நின்றதும் தலை சுற்றினாலோ உடம்பில் நீர் குறைந்துவிட்டது.

கழிப்பறைக்காக வண்டி நிற்பது நல்லதுதான். எப்படியும் மணிக்கு ஒரு தடவை இறங்கி 5 நிமிடம் நடந்தாக வேண்டும். இந்த ஆபரேஷனுக்குப் பிறகு முதல் மாதம் காலில் ரத்தம் உறையும் ஆபத்து அதிகம். பெரும்பாலும் அது வீட்டுக்கு வந்த பிறகுதான் வருகிறது. நீரும் குறைந்து, கால் மடக்கியபடி மணிக்கணக்கில் உட்கார்ந்தும் இருந்தால் கேட்கவே வேண்டாம். முன் சீட்டைப் பின்னால் தள்ளி உட்காருங்கள், கால்மேல் கால் போடாதீர்கள், அவ்வப்போது பாதத்தை மேலும் கீழும் இருபது தடவை அசையுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க ஊசி எழுதிக்கொடுத்திருந்தால் பயண நாளிலும் தவறக்கூடாது. இறுக்கக் காலுறை கொடுத்திருந்தால் கிளம்பும் முன்பே போட்டுவிடுங்கள். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ, போய்ச் சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். வழியிலேயே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

சீட் பெல்ட்டின் கீழ்ப்பட்டை இடுப்பெலும்பின் மேல் படிய வேண்டும், வயிற்றின் மேல் அல்ல. உறுத்தினால் நடுவே மடித்த துண்டு வைக்கலாம். பெட்டி தூக்குவதை மற்றவர்களிடம் விடுங்கள். 5 கிலோவுக்கு மேல் எதுவும் வேண்டாம்.

பதில்: கிண்ணமும் ஸ்பூனும்

தண்ணீர், கால் பற்றி மேலே சொன்னதே போதும். நான் ஷேக்குக்கும் அந்த “ஒரு வாய்”க்கும் வருகிறேன்.

கலக்கிய ஷேக் வெளியில் 2 மணி நேரத்துக்கு மேல் தாங்காது, மூடிய காரின் சூட்டில் இன்னும் சீக்கிரம் கெடும். பவுடரை ஒரு வேளைக்கு ஒரு டப்பாவாக உலர அளந்து போட்டுக்கொண்டு, குடிக்கும்போது கலக்குங்கள். ஒரு வேளைக்கு 20 கிராம் புரோட்டீன் என்றால் மூன்று வேளையில் 60. நாள் கணக்கு 60 முதல் 80 கிராம். 4 நாள் தங்கினால் 6 நாளுக்கான பவுடர் எடுத்துப்போங்கள், பயணம் தள்ளிப்போகலாம்.

இனி அந்த ஒரு வாய். இந்தக் கட்டத்தில் சிக்கல் அளவில் இல்லை, பதத்தில். நார் உள்ள இறைச்சி, ரொட்டி, பச்சைக் காய்கறி எல்லாம் ஒரு வாயே போதும் அடைத்துக்கொள்ள. அடைத்தால் வாயில் எச்சில் நுரையாகப் பொங்கும், நெஞ்சு கனக்கும், கடைசியில் வாந்தி. 19ஆம் நாளில் குமட்டிக் குமட்டி வாந்தி எடுப்பது உள்ளே ஆறிக்கொண்டிருக்கும் ஸ்டேப்பிள் வரிசைக்கு, அதாவது இரைப்பையை வெட்டிய இடத்தை மூடியிருக்கும் சின்ன உலோக ஊக்குகளுக்கு, நல்லதல்ல. ஆகவே அரைத்தது மட்டும்: தயிர், நன்றாக மசித்த முட்டை, அரைத்த பருப்பு மாதிரி. இரண்டிலிருந்து நான்கு மேஜைக்கரண்டி, சின்ன ஸ்பூனில், 20 முதல் 30 நிமிடம். விக்கல் வந்தாலோ மூக்கு ஒழுகினாலோ அதுதான் “போதும்” என்ற சைகை. அடுத்த ஸ்பூன் வேண்டாம். இதுவரை சாப்பிடாத பொருளைப் பயண நாளில் முயற்சி செய்யாதீர்கள்.

சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது, முடிந்து 30 நிமிடம் கழித்துத்தான். அந்த 15 நிமிட அலாரத்தை அந்த நேரத்துக்கு மட்டும் நிறுத்தி வையுங்கள். சோடா வகையும் மதுவும் வேண்டவே வேண்டாம்.

கால்சியம் சிட்ரேட்டையும் இரும்புச்சத்தையும் சேர்த்து விழுங்கினால் ஒன்று மற்றொன்றைத் தடுக்கும். 2 மணி நேர இடைவெளி விடுங்கள். ஊருக்குப் போனால் முதலில் தவறுவது வைட்டமின்தான்.

பதில்: மாத்திரைப்பெட்டி

சர்க்கரை, பிபி மாத்திரை என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். கிளம்பும் முன் சர்ஜனிடமோ சர்க்கரை டாக்டரிடமோ பெயர் பெயராகச் சொல்லிக் கேட்க வேண்டியது இதுதான். சாப்பாடு இவ்வளவு குறைந்த பிறகும் கிளிமிபிரைட் வகை சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ பழைய அளவிலேயே போனால் சர்க்கரை சட்டென்று இறங்கும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகைச் சர்க்கரை மாத்திரையில் இன்னொரு சிக்கல்: சாப்பாடு குறைவாக இருக்கும்போது, உடம்பு கொழுப்பை எரிப்பதால் உண்டாகும் கீட்டோ அமிலம் ரத்தத்தில் ஏறலாம், சர்க்கரை மீட்டரில் அளவு சரியாகவே காட்டும். அதனால் ஏமாந்துவிடுவார்கள். சிறுநீர் போகவைக்கும் பிபி மாத்திரை நீர்க்குறைவை இன்னும் கூட்டும். மீட்டரும் பிபி கருவியும் பையில் இருக்கட்டும். மெதுவாகக் கரையும் வகை மாத்திரையைப் பொடி செய்யக்கூடாது.

தலைவலி என்றதும் யாராவது ஐபுபுரோஃபெனோ டைக்ளோஃபெனாக்கோ எடுத்து நீட்டுவார்கள். வாங்காதீர்கள், புண் வரும். பாராசிட்டமால் உங்களுடையதையே எடுத்துப்போங்கள்.

இருபது பேரிடமும் சொல்ல வேண்டியதில்லை, ஒருவரிடம் சொல்லியே ஆக வேண்டும். கூட வருபவருக்கு நான்கு விஷயம் தெரிந்திருந்தால் போதும்: ஓய்வாக இருக்கும்போதும் நாடித்துடிப்பு 120க்கு மேல், 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வயிற்றுவலி அல்லது இடது தோள்பட்டை வலி, தண்ணீர்கூடத் தங்காத வாந்தி. இதில் ஒன்று வந்தாலும் ஆஸ்பத்திரிதான். ஸ்டேப்பிள் வரிசையில் கசிவு இந்த நாட்களில் வரக்கூடியது.

டிஸ்சார்ஜ் சம்மரி காகிதத்திலும் போனிலும் இருக்கட்டும். வாந்தி நாள் கணக்கில் தொடர்ந்து டிரிப் ஏற்றும் நிலை வந்தால், குளுக்கோஸுக்கு முன் தயமின் (வைட்டமின் B1) கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள். தயமின் குறைந்த உடம்பில் வெறும் குளுக்கோஸ் ஏறினால் மூளை பாதிக்கப்படலாம்.

பயணப்பை

தண்ணீர்க் கணக்கைப் பார்த்ததும் திட்டமே மாறிவிட்டது. இரண்டு கேள்வி. திரும்பும்போது விமானத்தில் வந்தால் வயிற்றிலுள்ள ஸ்டேப்பிள் பரிசோதனையில் கத்துமா? சொல்லாமல் இருக்கும் மற்றவர்களிடம் மேஜையில் என்ன சொல்வது?

கிண்ணமும் ஸ்பூனும்

ஸ்டேப்பிள் டைட்டானியம், மிகச் சின்னது, பொதுவாகக் கத்தாது. மாத்திரை, பவுடர், ஊசி எல்லாம் கைப்பையில். ஊசி இருந்தால் டாக்டர் சீட்டும் கூடவே. காலி பாட்டிலோடு பரிசோதனையைத் தாண்டி உள்ளே போய் நிரப்பிக்கொள்ளுங்கள். நடைபாதை ஓரச் சீட்டு கேட்டு வாங்குங்கள். ஆனால் விமானம் என்பதைச் சர்ஜனிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள், அவர் “போகலாம்” என்றது காருக்கு.

மேஜையில் “வயிறு சரியில்லை, டாக்டர் அரைத்ததுதான் சாப்பிடச் சொல்லியிருக்கிறார்” போதும், பொய்யும் இல்லை. தட்டை வேண்டாம் என்றால் வற்புறுத்துவார்கள். கையில் ஏற்கெனவே ஒரு சின்னக் கிண்ணமும் ஸ்பூனும் இருந்தால் யாரும் தட்டு நீட்ட மாட்டார்கள்.