நடை தடுமாறிய நாய்க்குச் சுளுக்கு எடுக்கலாமா? எங்கள் வீட்டில் நடந்தது

வளவுவீட்டுக்காரன், கானாடுகாத்தான்:

போன ஆடியில் நடந்தது. எங்கள் மணி டாஷ்ஹண்ட் (நீள முதுகு, குட்டைக் கால் ஜாதி), ஆறு வயது. திண்ணையிலிருந்து குதித்து, முகப்பைத் தாண்டி வளவுக்குள் (உள்முற்றம்) பாய்வதுதான் அவன் வேலை. ஆத்தங்குடிக் கல் தரை பார்க்க அழகு; நாய்க் காலுக்கு எண்ணெய் தடவினது மாதிரி. அன்றைக்குக் குதித்தவன் வீல் என்று கத்தினான். சாயங்காலத்துக்குள் பின்னங்கால் இரண்டும் பின்னிக்கொண்டு குடிகாரன் நடை.

"சுளுக்குத்தாண்டா, எடுக்கிறவரைக் கூப்பிடு" என்றார்கள் அப்பத்தா. மச்சான் கைரோபிராக்டிக் (முதுகெலும்பைக் கையால் தள்ளிச் சரிசெய்கிற வைத்தியம்) வீடியோ காட்டினார். ஒருவர் நாயை மடியில் வைத்து மடக்கென்று சொடுக்குகிறார், அது வாலாட்டிக்கொண்டு போகிறது. நானும் அரை மனதாகத் தயாராகிவிட்டேன்.

சுளுக்கு எடுக்கிறவர் வந்தார். முதுகில் விரலை ஓட்டிக்கொண்டே வந்து விலா முடிகிற இடத்தில் நிறுத்தினார். மணியின் வயிறு கல்லாட்டம் இறுகியது. "இது சுளுக்கு இல்லைங்க. நான் தொட மாட்டேன், டாக்டர்கிட்டப் போங்க" என்றார். காசும் வாங்கவில்லை. அந்த மனுசனுக்குக் கோயில் கட்டலாம்.

டாக்டர் பின்பாதத்தை மடக்கி, அதன் மேல்பக்கம் தரையில் படும்படி வைத்தார். நல்ல நாய் சட்டென்று திருப்பிக்கொள்ளும். மணிக்கு வைத்த கால் வைத்தபடி இருந்தது; நரம்பில் கோளாறு என்று அர்த்தமாம். எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. அப்புறம் கால் விரலை அழுத்திக் கிள்ளினார். திரும்பிக் கடிக்க வந்தான். "கடிக்க வர்றானே, அதுதான் நல்ல சேதி" என்றார். அந்த வலியும் தெரியாமல் போயிருந்தால் உடனே ஆபரேஷனாம்.

நாய்க்கு விலா உள்ள முள்ளெலும்பு 13, இடுப்பில் 7. இவை சேருகிற இடத்தில்தான் இந்த ஜாதிக்குப் பெரும்பாலும் சனி. எலும்புக்கு நடுவிலுள்ள தட்டு இளவயதிலேயே காய்ந்துபோய், பிதுங்கித் தண்டுவடத்தை அமுக்குகிறது. தட்டு தண்டுவடத்தை அமுக்குவது சாதாரண எக்ஸ்ரேயில் சரியாகத் தெரியாது. அங்கே போய் ஒரு சொடுக்குச் சொடுக்கியிருந்தால்?

மருந்தோடு நாலு வாரம் கூண்டு. மூத்திரத்துக்கு மட்டும் வயிற்றுக்கடியில் துண்டு கொடுத்துத் தூக்கிப் போவோம். இப்போது நடக்கிறான், கொஞ்சம் கோணல். வளவு முழுக்கக் கோணிச்சாக்கு விரித்துவிட்டேன். தரையை மறைத்துவிட்டேன் என்று அப்பத்தாவுக்கு இன்னும் கோபம்.

சாரட்டு, தேவகோட்டை:

அண்ணே, எங்களது மாப்பிள்ளை அழைப்புக்கு விடுகிற குதிரை. முதுகில் கை வைத்தாலே துள்ளியது. கைரோபிராக்டிக் படித்த கால்நடை டாக்டர் ஒருவரை வெளியூரிலிருந்து வரவழைத்தேன். முதலில் நடக்க விட்டுப் பார்த்தார், லாடத்தைப் பார்த்தார். அப்புறம் வைக்கோல் கட்டின் மேல் ஏறி நின்று, உள்ளங்கையால் சின்னச் சின்னதாய், வேகமாய்த் தள்ளினார். மடக் சத்தமெல்லாம் இல்லை. குதிரை தலையைத் தொங்கவிட்டுப் பெருமூச்சு விட்டது.

ஒரு வாரம்தான். பழைய குருடி கதவைத் திறடி. சேணத்தின் மெத்தை நைந்துபோய் முதுகு மேட்டு எலும்பில் உட்கார்ந்திருக்கிறது; அதை மாற்றியதும் சரியானது. அவரே சொன்னார்: 1895-இல் அமெரிக்காவில் பால்மர் என்பவர் மனுசனுக்காக ஆரம்பித்த கைவைத்தியம் இது, மிருகத்துக்குக் கேட்கும் என்பதற்கு ஆய்வு ஆதாரம் குறைவு என்று.

புதுவயல் தம்பி:

எங்கள் லேப்ரடாருக்கு 9 வயது, மாடிப்படி ஏற மாட்டேன் என்கிறது. அந்தச் சுளுக்கு எடுக்கிறவர் நம்பர் கிடைக்குமா?

வளவுவீட்டுக்காரன்:

அவர் உங்கள் நாயையும் தொட மாட்டார் தம்பி. பாதத்தை மடக்கி வைத்தீர்களா, திருப்புகிறதா? அதைச் சொல்லுங்கள் முதலில்.